எது 500 மடங்கு?

போன மாதம் அக்கா மகள் கல்லூரியில் ஒரு செமினார் கொடுத்தாள். பி.எஸ்சி. இயற்பியல், முதலாம் ஆண்டு. தலைப்பு: சின்க்ரோட்ரான் ஒளி. "மாமா, நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே, சுவாரசியமா ஒரு விஷயம் சொல்லுங்க, கடைசி ஸ்லைடுல போட்டுக்கறேன்" என்றாள். எனக்கும் உற்சாகம். சிகாகோவுக்குப் பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஏபிஎஸ் என்ற வளையம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதை நிறுத்தி, உள்ளே இருந்த காந்தங்களை எல்லாம் பிடுங்கி, புதியவை வைத்து, 2024 ஏப்ரலில் மறுபடியும் எலக்ட்ரான்களைச் சுற்ற விட்டார்கள். செலவு 81.5 கோடி டாலர். "இப்ப அங்க வர்ற எக்ஸ்ரே 500 மடங்கு பிரகாசம். அதாவது 500 மடங்கு வெளிச்சம்" என்று சொன்னேன்.

அந்த 'அதாவது'தான் தப்பு.

ஸ்லைடு போட்டாளாம். பின் வரிசைப் பையன் ஒருத்தன் எழுந்து, "500 மடங்கு வெளிச்சம்னா சாம்பிள் 500 மடங்கு சீக்கிரமா கருகிடாதா?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்திருக்கிறது. இவளுக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நீங்க சொன்னதைத்தான் மாமா சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் எனக்கும் பதில் தெரியவில்லை.

நான் இயற்பியல்காரன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிறவன். ராத்திரியில் இதெல்லாம் படிக்கிற பழக்கம், அவ்வளவுதான். பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்தபோது அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று தோன்றியது. சின்க்ரோட்ரான்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதப்படும் செய்திகள் மீது எனக்கு ஒரு பெரிய குறையும் வந்துவிட்டது. இந்தப் பதிவு அந்தக் குறையைப் பற்றி.

செய்தி எப்படி எழுதப்படுகிறது

இந்த மாதிரிச் செய்திகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதல் பத்தியில் ஒரு மடங்குக் கணக்கு. இரண்டாம் பத்தியில் சூரியனோடு ஒப்பீடு: கோடி சூரியன், நூறு கோடி சூரியன். மூன்றாம் பத்தியில் 'சக்திவாய்ந்த காந்தங்கள்' என்று ஒரே ஒரு சொற்றொடர். அடுத்து நேராக பேட்டரி, புற்றுநோய் மருந்து, மூளை வரைபடம். முடிந்தது.

நியாயமாகப் பார்த்தால் 500 என்ற எண் பொய் இல்லை. ஆய்வகங்களே வெளியிடும் குறிப்புகளில் '500 மடங்கு வரை' என்றுதான் இருக்கும். அந்த 'வரை' செய்தியாகும்போது உதிர்ந்துவிடுகிறது. 'பிரகாசம்' என்ற கலைச்சொல் 'வெளிச்சம்' என்ற வீட்டுச்சொல்லாக மாறிவிடுகிறது. என் வாயிலும் அதுதான் நடந்தது. ஆனால் குறை என் வாயோடு முடியவில்லை. அந்த வார்ப்பே, படிக்கிறவர் அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவைக்கிறது.

பிரகாசம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்

இந்தத் துறையில் பிரகாசம் என்றால் நான்கு நிபந்தனையோடு ஃபோட்டான்களை எண்ணுவது. ஒரு நொடியில், ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலிருந்து, ஒரு சதுர மில்லிரேடியன் கோணத்துக்குள், 0.1 சதவீத அலைநீள அகலத்துக்குள் எத்தனை ஃபோட்டான்கள் வருகின்றன? அந்த எண்தான் பிரகாசம். எத்தனை என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு ஒரே திசையில், எவ்வளவு ஒரே நிறத்தில் என்பதே இதில் முக்கியம்.

படம் விட்டதும் தியேட்டரிலிருந்து 500 பேர் வெளியே வருகிறார்கள். நாலா பக்கமும் போகிறார்கள். அதே 500 பேர் ரேஷன் கடை வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஆள் கணக்கு ஒன்றுதான். ஆனால் ஒற்றை ஆள் நுழையும் வாசல் ஒன்றைத் திறந்தால், வரிசை அப்படியே உள்ளே போய்விடும், தியேட்டர் கூட்டத்தில் நாலு பேர்தான் போவார்கள். பிரகாசம் என்பது வரிசையின் தரம். தலை எண்ணிக்கைக்கு வேறு பெயர் இருக்கிறது: ஃப்ளக்ஸ்.

சூரிய ஒப்பீட்டையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். பழைய ஏபிஎஸ் வளையத்தில் எக்ஸ்ரே உண்டாக்கும் காந்த அடுக்கு ஒன்றிலிருந்து வந்த ஒளியின் மொத்தத் திறன் சில கிலோவாட். நம் வீட்டுக் குளியலறை கீசர் 2 கிலோவாட். ஆக, 'கோடி சூரியன்' என்று எழுதப்படும் கற்றையின் மொத்தச் சக்தி இரண்டு மூன்று கீசருக்குள் அடங்கும். அது ஊசிமுனை போல ஒடுங்கி வருவதால்தான் அத்தனை மதிப்பு. சூரியனைக் கொண்டுவரும் வாக்கியம் சரியாக இந்த இடத்தைத்தான் மறைக்கிறது. படிக்கிறவர் மனதில் ஒரு பெரிய தீப்பிழம்பு வந்துவிடுகிறது.

அப்படியென்றால் ஒரு லென்ஸ் வைத்துக் குவித்துவிட்டால் போதாதா? எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் வந்தது. போதாது. லென்ஸால் புள்ளியைச் சிறிதாக்க முடியும், ஆனால் அதற்கு விலையாகக் கோணம் விரியும். கோணத்தை ஒடுக்கினால் புள்ளி பெரிதாகும். இரண்டின் பெருக்குத்தொகையை எந்த லென்ஸாலும் எந்தக் கண்ணாடியாலும் குறைக்க முடியாது. வேண்டாத ஒளியை வெட்டி எறியலாம், அவ்வளவுதான். ஒளி பிறக்கும் இடத்தில் பிரகாசம் இல்லையென்றால் பிறகு எங்கேயும் அதைச் சேர்க்க வழி இல்லை. அது பிறக்கும் இடம் காந்தங்களுக்கு நடுவே. அதனால்தான் 'சக்திவாய்ந்த காந்தங்கள்' என்று இரண்டு வார்த்தையில் கடந்துபோவது பொறுக்கவில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

ஒளியை உண்டாக்கும் காந்தம்

ஒரு சின்க்ரோட்ரானில் காந்தங்களுக்கு இரண்டு தனித்தனி வேலை. வளையக் காந்தங்கள் எலக்ட்ரான்களை வளைத்து, குவித்து, ஒழுங்காகச் சுற்ற வைக்கின்றன. வளையத்தின் நேரான பகுதிகளில் இருக்கும் அண்டுலேட்டர் என்ற காந்த அடுக்கு எக்ஸ்ரேயை உண்டாக்குகிறது. செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் குழைந்துவிடும். பிரித்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும்.

முதலில் அண்டுலேட்டர். மேலே ஒரு தாடை, கீழே ஒரு தாடை, நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு தாடையிலும் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று காந்தங்கள் மாறி மாறி. நடுவே ஓடும் எலக்ட்ரான் இடமும் வலமுமாக நெளிகிறது. நெளியும்போதெல்லாம் ஒளி விடுகிறது.

காந்தங்களின் அளவு சென்டிமீட்டர் கணக்கு. வரும் எக்ஸ்ரேயின் அலைநீளமோ அணுவின் அளவு. இது எப்படி? ஏபிஎஸ்ஸில் பல ஆண்டுகள் உழைத்த 'அண்டுலேட்டர் ஏ'யை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு வடக்கு-தெற்கு ஜோடியின் நீளம் 33 மில்லிமீட்டர். 2.4 மீட்டர் நீளத்தில் 72 ஜோடிகள். பழைய ஏபிஎஸ்ஸில் எலக்ட்ரானின் ஆற்றல் 7 கிகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது அதன் ஓய்வு நிலை ஆற்றலைப் போல சுமார் 13,700 மடங்கு. ஐன்ஸ்டைன் சொன்னபடி, அந்த எலக்ட்ரானின் பார்வையில் 33 மில்லிமீட்டர் 13,700 மடங்கு சுருங்கி 2.4 மைக்ரோமீட்டர் ஆகிவிடுகிறது. அந்த அலையை நம்மை நோக்கி விரைந்து வந்தபடியே அது வீசுவதால் டாப்ளர் விளைவில் இன்னும் 27,400 மடங்கு சுருங்குகிறது. மிச்சம் 0.88 ஆங்ஸ்ட்ராம். அணு அளவு. காந்தப் புலம் கூடினால் நெளிவு பெரிதாகி, எலக்ட்ரானின் முன்னோக்கிய வேகம் கொஞ்சம் குறையும், அலைநீளம் கூடும். தாடைகளின் இடைவெளியை மோட்டார் வைத்துக் கூட்டிக் குறைத்து வேண்டிய அலைநீளத்தை எடுப்பது இப்படித்தான்.

ஆற்றல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டு உதாரணம்: இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 வளையம் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட். அதே 33 மில்லிமீட்டர் அடுக்கை அங்கே வைத்தால் 0.88 கிடைத்த இடத்தில் சுமார் 6.9 ஆங்ஸ்ட்ராம்தான் கிடைக்கும்.

72 ஜோடிகள் எதற்கு? ஒரு ஜோடியைக் கடக்கும்போது எலக்ட்ரானைவிட அதன் ஒளி சரியாக ஓர் அலைநீளம் முன்னே போயிருக்கும். அடுத்த ஜோடியில் பிறக்கும் ஒளி முந்தையதோடு முகடுக்கு முகடு சேரும். 72 தடவை சேர்வதால் ஒரே நிறம் தூக்கி நிற்கிறது, கோணமும் ஒடுங்குகிறது. ஒரு ஜோடி கொஞ்சம் பிசகினாலும் முகடுகள் சேராது. காந்தக் கட்டிகள் ஒவ்வொன்றின் பலமும் சற்றே வேறுபடும் என்பதால், எதை எங்கே வைத்தால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று கணினியில் தேடி அடுக்கியிருக்கிறார்கள். 'சிமுலேட்டட் அனீலிங்' என்ற அல்காரிதம் இந்த வேலைக்கும் பயன்பட்டது என்று படித்தபோது நம்ம ஆள் ஒருத்தரைப் பார்த்த சந்தோஷம்.

வரலாறும் செய்திகளில் வராது. 1947-இல் சோவியத் யூனியனில் கின்ஸ்பர்க் இந்த யோசனையை எழுதினார். 1953-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மோட்ஸ் குழுவினர் முதல் அண்டுலேட்டரைச் செய்து காட்டினார்கள். ஆனால் சிறிய இடத்தில் மாறி மாறி வரும் பலமான புலம் வேண்டும், மின்காந்தச் சுருள்களைச் சிறிதாக்கினால் சூடு தாங்காது. வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1973-இல், காந்த நாடாப் பதிவுத் துறையைச் சேர்ந்த ஜான் மாலின்சன், காந்தங்களின் திசையைப் படிப்படியாகத் திருப்பி அடுக்கினால் புலம் ஒரு பக்கம் மட்டுமே வெளிவரும் என்று கவனித்தார். வேடிக்கையான ஒரு விஷயமாகவே அதை எழுதினார். உங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டும் வளையக்கூடிய காந்த ஸ்டிக்கர் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது இல்லையா, அதே தந்திரம்தான். பெர்க்லியில் கிளாஸ் ஹால்பாக் தாமாகவே அதைக் கண்டடைந்து, சமேரியம்-கோபால்ட் நிரந்தரக் காந்தங்களால் அண்டுலேட்டர் செய்யும் வழியை 1980-ஐ ஒட்டி வகுத்துக் கொடுத்தார். மின்சாரமே வேண்டாம். சூடும் இல்லை. ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரும் அணுவைப் படம் பிடிக்கும் கருவியும் ஒரே குடும்பம் என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லாமல் சூரியனைக் கூப்பிடுகிறார்கள்.

'பலமான காந்தம்' என்னும் குழப்பம்

2023 ஜனவரியில் ஏபிஎஸ் வளையத்தில் நியோபியம்-டின் என்ற மீக்கடத்திக் கம்பியால் சுற்றிய அண்டுலேட்டர் ஒன்று ஓடியது. ஆர்கான், ஃபெர்மிலாப், பெர்க்லி மூன்றும் சேர்ந்து செய்தது. இந்தச் செய்தியின் சுருக்கம் எப்போதும் 'மிகப் பலமான காந்தம்' என்று வரும். அதன் உச்சப் புலம் 1.17 டெஸ்லா. நம் தெரு முனை ஸ்கேன் சென்டரில் இருக்கும் எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா, பெரிய ஆஸ்பத்திரியில் 3 டெஸ்லா. அப்படியென்றால் இதில் என்ன பெருமை?

பெருமை பலத்தில் இல்லை, திருப்பத்தில் இருக்கிறது. எம்ஆர்ஐ காந்தம் ஓர் ஆள் படுக்கும் அளவு இடத்தில் ஒரே திசையில் புலம் தருகிறது. இங்கே 18 மில்லிமீட்டருக்கு ஒரு ஜோடி, அதாவது ஒவ்வொரு 9 மில்லிமீட்டரிலும் புலம் தலைகீழாக வேண்டும். இப்படி மாறும் புலம் காந்த முகத்திலிருந்து விலக விலக வேகமாகத் தேயும். எவ்வளவு வேகமாக என்பதை ஜோடியின் நீளம் தீர்மானிக்கிறது. தாடை இடைவெளி 8.5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டேன். 33 மில்லிமீட்டர் ஜோடியில், முகத்தில் இருக்கும் புலத்தில் 45 சதவீதம் நடுக்கோட்டை எட்டும். 18 மில்லிமீட்டர் ஜோடியில் 23 சதவீதம்தான். பாதியாகிவிட்டது. இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் மீக்கடத்தி.

நியோபியம்-டைட்டானியம் என்ற பழகிய கம்பியைவிட நியோபியம்-டின் சுமார் 20 சதவீதம் கூடுதல் புலம் கொடுத்தது. ஆனால் முரட்டுக் கம்பி. சுற்றி முடித்த பிறகு சுமார் 650 டிகிரி சூட்டில் வேகவைத்தால்தான் மீக்கடத்தியாகும். ஆனதும் கண்ணாடி மாதிரி நொறுங்கும். மறுபடி வளைக்க முடியாது. அந்தச் சூட்டைக் காப்புறையும் தாங்க வேண்டும். இத்தனை கஷ்டத்துக்கும் கிடைப்பது என்ன? 6 கிகா எலக்ட்ரான் வோல்ட் வளையத்தில் 18 மில்லிமீட்டர் ஜோடி என்று வைத்துக்கொண்டால், பழைய கம்பியில் 0.65 முதல் 1.5 ஆங்ஸ்ட்ராம் வரையும், புதிய கம்பியில் 1.9 வரையும் ஒரே கருவியில் போக முடியும். வீணையில் இன்னும் சில மெட்டுகள் சேர்ந்த மாதிரி. அல்லது, அதே வரம்பு போதும் என்றால் ஜோடியை இன்னும் குட்டையாக்கி, அதே நீளத்தில் கூடுதல் ஜோடிகளை அடுக்கலாம். 'பலமான காந்தம், பிரகாசமான எக்ஸ்ரே' என்று எழுதினால் இந்தப் பேரம் முழுக்கக் காணாமல் போகிறது.

எலக்ட்ரான்களை வரிசையில் நிறுத்தும் காந்தம்

சரி, 500-க்கு வருவோம். அதில் பெரும்பங்கு வளையக் காந்தங்களுடையது.

எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு பரப்பில், எவ்வளவு கோணத்தில் சிதறியிருக்கிறது என்பதன் அளவுக்கு எமிட்டன்ஸ் என்று பெயர். பழைய ஏபிஎஸ்ஸில் கிடைமட்ட எமிட்டன்ஸ் சுமார் 3,100 பிகோமீட்டர். புதியதில் 42. ஏறக்குறைய 74 மடங்கு ஒடுக்கம்.

எப்படி? எலக்ட்ரான் வளையும்போது ஒளி விடும். எப்போது விடும் என்பது தற்செயல். விட்டதும் அதன் ஆற்றல் சற்றுக் குறைந்து, வேறு பாதைக்குத் தாவும். இப்படித் தாவித் தாவித்தான் கூட்டம் கலைகிறது. ஒரே கூர்மையான வளைவுக்குப் பதில் பல மென்மையான வளைவுகள் வைத்து, நடுநடுவே திரும்பக் குவித்தால் தாவலின் தூரம் குறையும். தோராய விதி ஒன்று உண்டு: எமிட்டன்ஸ் எலக்ட்ரான் ஆற்றலின் இருபடிக்கு நேராகவும், வளைவுக் காந்தங்களின் எண்ணிக்கையின் முப்படிக்கு எதிராகவும் மாறும். பழைய ஏபிஎஸ்ஸில் 40 பிரிவுகளில் பிரிவுக்கு 2 வளைவு. புதியதில் பிரிவுக்கு 7. மூன்றரையின் முப்படி சுமார் 43. ஆற்றலையும் 7-லிருந்து 6 ஆகக் குறைத்தார்கள், அதில் 1.36 மடங்கு. பெருக்கினால் 58. நிஜமான 74-க்கு ரொம்பத் தூரமில்லை. எதிர்த்திசையில் லேசாக வளைக்கும் காந்தங்களைச் சேர்த்ததும் ஒடுக்கத்துக்கு உதவியது. 1.1 கிலோமீட்டர் வளையத்தில் மொத்தம் 1,321 காந்தங்கள்.

இந்த யோசனை ஆர்கானில் பிறந்ததும் இல்லை. டீட்டர் ஐன்ஃபெல்ட் முதலானவர்கள் 1990-களிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அத்தனை காந்தங்களை நெருக்கி வைத்தால் ஒவ்வொன்றும் குட்டியாகவும் பலமாகவும் இருக்க வேண்டும், நடுவே போகும் வெற்றிடக் குழாயும் ஒல்லியாக வேண்டும். ஒல்லிக் குழாயில் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சுவது கடினம். குழாயின் உள்சுவரே வாயுவை உறிஞ்சும் பூச்சு ஒன்றை செர்ன் ஆய்வகம் உருவாக்கியிருந்தது. அதையும், ஒரே இரும்புப் பாளத்தில் கடைந்த காந்தங்களையும் வைத்து ஸ்வீடனின் லுண்ட் நகரில் மேக்ஸ்-4 வளையம் 2016-இல் திறக்கப்பட்டது. பிரான்ஸில் கிரெனோபிள் நகரின் இஎஸ்ஆர்எஃப் 2020-இல் பின்தொடர்ந்தது. ஏபிஎஸ் அதற்குப் பிறகு.

ஆற்றலை 7-லிருந்து 6 ஆகக் குறைத்தது எந்தத் தலைப்புச் செய்தியிலும் வராது. குறைத்தால் அதே அண்டுலேட்டரின் அலைநீளம் 1.36 மடங்கு கூடிவிடும். ஊடுருவும் கூர்மை போய்விடும். அதைத் திரும்பப் பெறத்தான் குட்டை ஜோடி அண்டுலேட்டர்களும் மீக்கடத்திகளும் தேவைப்பட்டன. ஒரு கை ஒடுக்கியதை இன்னொரு கை ஈடுகட்டியிருக்கிறது. இரண்டு வகைக் காந்தத்தையும் பிரித்துச் சொன்னால்தான் இது புரியும்.

அப்போ எது 500 மடங்கு?

வளையத்தில் ஓடும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியரிலிருந்து 200 ஆனது. தலை எண்ணிக்கை நேராக இரண்டு மடங்கு. அண்டுலேட்டர்கள் மேம்பட்டதால் இன்னும் கொஞ்சம். மற்றதெல்லாம் வரிசையின் ஒழுங்கு.

ஆகவே உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பது உங்கள் சோதனை எந்த வாசல் வழியே போகிறது என்பதைப் பொறுத்தது. அரைத்த பொடியை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வைத்து அளப்பவருக்கு அகலமான வாசல் போதும், அவருக்குச் சில மடங்குதான் லாபம். ஒரு மைக்ரோமீட்டர் படிகத்தை வைத்திருப்பவருக்கும், அலைகள் ஒத்திசைந்து வருவதை நம்பி லென்ஸ் இல்லாமலே நானோமீட்டர் படம் எடுப்பவருக்கும் ஒற்றை ஆள் வாசல், அவர்களுக்குத்தான் நூற்றுக்கணக்கான மடங்கு. 1 ஆங்ஸ்ட்ராம் ஒளியில் முழு ஒத்திசைவுக்கு எல்லை சுமார் 8 பிகோமீட்டர் எமிட்டன்ஸ். 3,100 எங்கே, 8 எங்கே. 42 இப்போது பக்கத்தில் வந்துவிட்டது. இதுதான் உண்மையான சாதனை. 500 என்ற ஒற்றை எண் இந்த இரண்டு ஆட்களுக்கும் ஒரே வாக்கு கொடுக்கிறது.

பின் வரிசைப் பையனின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சாம்பிள் கருகுவது, அது தன் எடைக்கு எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதைப் பொறுத்தது. கற்றையைப் பழைய அகலத்திலேயே விட்டால் சேதம் சில மடங்குதான் கூடும். ஆனால் பிரகாசத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் கற்றையைக் குட்டிப் புள்ளியாகக் குவிக்க வேண்டும். குவித்தால் அந்த இடம் நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்தில் சேதமாகும். ஆமாம் தம்பி, கருகும். பிரகாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அவசரமாக அளந்து முடிக்க வேண்டும்.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000-ஆம் ஆண்டு ரைபோசோமின் சிறிய துணை அலகின் அமைப்பைக் கண்டறிய, ஏபிஎஸ் உள்ளிட்ட சின்க்ரோட்ரான்களில்தான் தரவு எடுத்தார். அவரோடு 2009 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அடா யோனத், ரைபோசோம் படிகங்கள் எக்ஸ்ரேயில் அழிவதைத் தாமதப்படுத்த, அவற்றை உறைய வைத்து அளக்கும் முறையை 1980-களிலேயே கொண்டுவந்தவர். காந்தங்கள் ஒளியைக் கூர்மையாக்கின. அந்தக் கூர்மையைத் தாங்கச் சாம்பிளைத் தயார் செய்தவர்களின் உழைப்பும் சேர்ந்துதான் அந்தப் பரிசு. இப்போது பல ஆயிரம் குட்டிப் படிகங்களை ஒன்றன் பின் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் அழிவதற்குள் ஒரு படம் எடுக்கும் முறையும் வந்துவிட்டது.

எப்படி எழுதியிருக்கலாம்

ஒற்றை எண்ணைப் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. தலைப்புக்கு ஓர் எண் வேண்டும், புரிகிறது. ஆனால் மூன்று எண் கொடுக்க எத்தனை இடம் பிடிக்கும்? 'எக்ஸ்ரேயின் அளவு சுமார் 2 மடங்கு, எலக்ட்ரான் கற்றை 74 மடங்கு ஒடுக்கம், இதனால் சில சோதனைகளில் 500 மடங்கு வரை பிரகாசம்.' ஒரே வரிதான். இதைப் படித்திருந்தால் நானே 'அதாவது' போட்டிருக்க மாட்டேன். 81.5 கோடி டாலரும், ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்களின் ஓராண்டுக் காத்திருப்பும் எதற்காக என்றும் அந்த ஒரு வரி சொல்லிவிடும். பொதுப் பணம் கொடுத்தவருக்கு மலைப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது சரியில்லை. அவருக்குக் கேள்வி கேட்கவும் ஏதாவது கைப்பிடி கொடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தாளில் தியேட்டர், ரேஷன் வரிசை, கீசர், ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கர் எல்லாம் வரைந்து அவளுக்குச் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மாமா?" என்றாள். அன்னைக்குத் தெரியாது என்றேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டாள், அந்தப் பையனிடம் காட்ட வேண்டுமாம்.

என் கணக்குகளில் பிசகு இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். ஒரு தப்பு ஏற்கெனவே ஸ்லைடில் ஏறிவிட்டது, இன்னொன்று வேண்டாம்.